ஒப்பீட்டுத் துண்டில் ஒரு மகிழங்கன்று

வடபுல மரக்கன்று நிலைபேற்று ஆய்வு நிலையம் அரியாலைக்குக் கிழக்கே, கடல்நீரேரிக் காற்று தடையில்லாமல் வீசும் ஒரு வெளியில் இருந்தது. தடையில்லாததற்குக் காரணம், அந்த வெளியில் மரம் ஒன்றும் இல்லை. வருகிறவர்கள் ஒதுங்கவென்று வாசலில் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். அதன் நெற்றியில் ‘மரமே நிழல்’ என்று எழுதியிருந்தது. இதைப் பார்த்தபோதே பரமலிங்கம் கொண்டுவந்த கன்றோடு சைக்கிளைத் திருப்பியிருக்கலாம். ஆனால் அவர் அறிவித்தல் பலகைகளைச் சந்தேகிக்கிற ஆள் இல்லை.

கொக்குவில் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் அளந்த கை அது. போத்தலின் கோட்டில் எண்ணெய் வந்து நின்றால் நின்றதுதான். அதற்குமேல் ஒரு சொட்டு விழாது. பிள்ளைக்குப் பால் காய்ச்சவென்று அழுதுகொண்டு வந்தவர்களுக்கும் அதே கோடு. அவருடைய மனைவி சிவகௌரியும் வரிசையின் கடைசியில் நின்று, அதே கோடு வரைக்கும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவாள். அதற்காக அவள் ஒருநாளும் கோபித்ததில்லை. “எங்கடை வீட்டிலை ஒரு தராசுக்குத்தான் நான் கழுத்து நீட்டினது” என்று அயலட்டையில் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தத் தராசுக்குச் சோதனை அவளுடைய கடைசிக் காலத்தில் வந்தது. சிறுநீரகம் இரண்டும் பழுதாகிப்போய், ஆஸ்பத்திரி மெசினில்தான் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்தார்கள். நாளுக்கு அரை லீற்றருக்கு மேல் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். பரமலிங்கம் காலையிலேயே ஒரு போத்தலில் அளந்து வைப்பார். மத்தியான வெயிலில் அவளுக்கு நாக்கு வறளும்.

“இஞ்சாருங்கோ, ஒரு முறடு தண்ணி.”

அவர் ஈரத்துணியால் அவளுடைய உதட்டை ஒற்றிவிடுவார். போத்தலைத் தொடமாட்டார். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அவர் குசினிக்குப் போய் அடுப்படியில் நின்றுவிட்டு வருவார்.

அந்தத் தண்ணீரிலும் அவள் களவு செய்தாள். கோயில் வீதியில் பொறுக்கிய ஒரு மகிழம் விதையைப் பழைய பால்மாத் தகர ரின்னில் போட்டு யன்னலடியில் வைத்திருந்தாள். அது முளைத்தது. கோப்பையின் கடைசி மிடற்றைக் குடிக்கிற மாதிரிக் கையில் வைத்திருந்து, அவர் அங்காலே திரும்பியதும் ரின்னுக்குள் ஊற்றிவிடுவாள். ஒருநாள் அவர் கண்டுவிட்டார்.

“உது உமக்குக் குடிக்கத் தந்த தண்ணியெல்லே.”

“நான் குடிச்சால் நாளைக்கு மெசினிலை போட்டு எடுத்துப்போடுவினம். உது குடிச்சால் உதோடையே நிக்கும்.”

ஆவணி மாதம் அவள் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லாதபடியால் கொள்ளி வைத்ததும் அவர்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து எல்லோரும் போன பிறகு வீட்டில் அவரும் ரின்னும் மிஞ்சினார்கள். கன்று ரின்னுக்குப் பெரிதாகிக்கொண்டு வந்தது. இருந்ததோ வாடகை வீடு. கனடாவில் இருக்கிற வீட்டுக்காரர் வளவு முழுக்க மதிலோடு மதிலாக இன்ரலொக் கல் பதித்துவிட்டிருந்தார். ஒரு சாண் மண் கிடையாது. அப்படியான நேரத்தில்தான் பத்திரிகையில் நிலையத்தின் விளம்பரம் வந்தது. இறந்தவர் நினைவாக ஒரு கன்றைக் கொண்டுவந்து ஒப்படையுங்கள், விஞ்ஞான முறைப்படி நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றிருந்தது. விஞ்ஞான முறைப்படி என்ற இடத்தைப் பரமலிங்கம் இரண்டு தரம் வாசித்தார். படிவத்தில் ஒப்படைப்பவர் பெயர் என்று கேட்ட இடத்தில் தன்னுடைய பெயரை எழுத அவருக்கு மனம் வரவில்லை. வளர்த்தது அவளல்லவா. சிவகௌரி என்று எழுதினார்.

கார்த்திகையில் நடுகை விழா. குத்துவிளக்கு, ஒலிபெருக்கி, மாலை, சோடா எல்லாம் இருந்தன. நிலையத்தின் பணிப்பாளர் கலாநிதி ஜெயசுதன் பேசினார். மண்வெட்டி பிடிக்கக் காத்து நின்றவர்கள் கையை மாற்றி மாற்றிப் பிடிக்குமளவுக்குப் பேசினார்.

“ஒரு கன்று சாவதால் இந்த மண்ணுக்கு நட்டமில்லை. அது ஏன் செத்தது என்று பதிவு செய்யப்படாமல் சாவதுதான் எமது சமூகத்தின் பேரிழப்பு. இனிமேல் வடபுலத்தில் எந்தக் கன்றும் காரணம் தெரியாமல் சாகாது என்று இந்த மேடையில் உறுதி கூறுகிறேன்.”

கைதட்டினார்கள். பிறகு பிரதம விருந்தினர் ஒரு குடத்துக்குள் கைவிட்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நிறக் குச்சி எடுத்துக் கொடுத்தார். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. பரமலிங்கத்துக்குச் சிவப்பு. பணிப்பாளரே எழுந்து வந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கி, உங்களைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் இந்த ஆய்வே இல்லை என்றார். படமும் பிடித்தார்கள். கௌரிக்கு ஏதோ முதற்பரிசு கிடைத்த மாதிரி இருந்தது அவருக்கு. கன்றை நட்டு, அதன் பக்கத்தில் சிவப்புக் குச்சியை அடித்துவிட்டு, போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்தார்.

மாரி மழை முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் ஒரு போத்தல் தண்ணீரோடு கன்றைப் பார்க்க வந்தார். வாசலில் காவலாளி கிறிஸ்ரோபர் போத்தலை வாங்கி மேசையின் கீழே வைத்தார்.

“அண்ணை, உங்கடை சிவப்பு. சிவப்புக்குத் தண்ணியில்லை.”

சங்கக்கடையில் இருந்தவருக்கு இது பழகின பதில்தான். “எப்ப வரும்?” என்று கேட்டார்.

“வராதண்ணை.”

உள்ளே போய்ப் பார்த்தால், பச்சைக் குச்சிக் கன்றுகளைச் சுற்றிப் புல்லொன்றும் இல்லாமல் செருக்கி, பாத்தி கட்டி, தண்ணீர் விட்டிருந்தார்கள். நீலத்துக்குக் களை பிடுங்கல் மட்டும். மஞ்சளுக்குத் தண்ணீர் மட்டும். சிவப்புக்கு இரண்டும் இல்லை. கௌரியின் கன்று முழங்கால் உயரக் கோரைக்கும் பார்த்தீனியத்துக்கும் நடுவில், எட்டிப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி நின்றது.

பணிப்பாளர் அவரை இருக்கச் சொல்லி, தேநீர் வரவழைத்து, மிகப் பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

“எல்லாக் கன்றையும் நல்லாப் பார்த்தால், நல்லாப் பார்த்தபடியாத்தான் நல்லா வந்தது எண்டு எப்பிடி நிரூபிக்கிறது ஐயா? பார்க்காமல் விட்டதும் இருக்க வேணும். அதுதான் ஒப்பீட்டுத் துண்டு. பார்க்காமல் விடுறதை நாங்கள் எவ்வளவு கவனமாச் செய்யிறம் தெரியுமோ? அதுக்கெண்டு தனி உத்தியோகத்தர் இருக்கிறா.”

“முடிவு என்ன வருமெண்டு தெரியாதோ சேர்?”

“தெரியும்.” பணிப்பாளர் சுவரைக் காட்டினார். முடிவு விழாவுக்கான பதாகை அங்கே சுருட்டி வைத்திருந்தது. களை பிடுங்கித் தண்ணீர் விட்ட கன்றுகளே பிழைக்கும் என்று முதலே அச்சடித்தாயிற்று. தொடக்க விழாப் பதாகையோடு சேர்த்து அடித்தால் அச்சகத்தில் விலைக் கழிவு உண்டாம். “தெரியிறது வேறை, நிரூபிக்கிறது வேறை ஐயா.”

பரமலிங்கம் தலையாட்டிவிட்டு வந்தார். வரும் வழியில், யாரும் பார்க்காத ஒரு கணத்தில், குனிந்து கன்றின் அடியில் நின்ற கோரையில் ஒரு பிடியைப் பிடுங்கிவிட்டார். பிடுங்கின பிறகு அதை எங்கே போடுவதென்று தெரியாமல் தன் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். கௌரி கோப்பையை ரின்னில் கவிழ்த்தபோது அவளுடைய முகம் இருந்த மாதிரித்தான் அவருடைய முகமும் அன்று இருந்திருக்க வேண்டும்.

பார்க்காமல் விடுவதற்கென்று இருந்த உத்தியோகத்தர் கீர்த்திகா என்ற பெண்பிள்ளை. கிழமைக்கொரு தடவை சிவப்புத் துண்டுகளில் களையின் அடர்த்தியை அளப்பதும், மண்ணுக்குள் ஈரமானியைக் குத்தி ஈரம் பார்ப்பதும் அவளுடைய வேலை. அந்தக் கிழமை களையில் குறைவு கண்டது. ஆடு புகுந்ததோ என்று கிறிஸ்ரோபரை விசாரித்தார்கள். கிறிஸ்ரோபருக்குப் பேச்சு விழுகிறதென்று கேள்விப்பட்ட அன்றே பரமலிங்கம் வந்து, காய்ந்துபோன கோரைப் பிடியைப் பணிப்பாளரின் மேசையில் வைத்தார்.

நிலையம் பதறிப்போனது. அவசரக் கூட்டம் கூடியது. ‘களை மீள்நிலைநிறுத்தல்’ என்று ஒரு தீர்மானம் எடுத்தார்கள். தெருவோரத்தில் கோரை கிண்டி எடுத்து வந்து, பணிப்பாளர் முதற்கோரையை நாட்ட, மற்ற உத்தியோகத்தர்கள் மிச்சத்தை நாட்டினார்கள். இதற்கும் படம் பிடித்தார்கள். நாட்டின கோரை வெயிலில் சாய்ந்தது. கோரை பிடிக்கும் வரைக்கும் அதற்குத் தண்ணீர் விடலாமென்று விதியில் இடமிருந்தது. அந்தத் தண்ணீர் கன்றுக்குப் போய்விடக்கூடாது என்பதற்காகக் கோரைக்கும் கன்றுக்கும் நடுவில் ஒரு தகரத்தை மண்ணுக்குள் ஆழமாக இறக்கினார்கள்.

பரமலிங்கம் பக்கத்தில் நின்று பார்த்தார். தகரத்தின் அந்தப் பக்கம் தண்ணீர் விழுந்தது. இந்தப் பக்கம் கன்று நின்றது. அடுத்த நாளே கோரை தலை நிமிர்ந்துவிட்டதென்று கிறிஸ்ரோபர் சொன்னார்.

செய்த பிழைக்காக அவர் ஒரு விழிப்புணர்வு வகுப்புக்கு வர வேண்டியிருந்தது. வகுப்பில் அவர் ஒருவர்தான். கீர்த்திகா திரையில் படம் போட்டுக் காட்டினாள். இளங்கன்றின் வேர் முதல் ஓரிரு வருடம் மேல்மண்ணிலேயே நிற்கும். புல்லின் வேரும் அதே மேல்மண்ணில்தான். புல் வலை மாதிரிப் பரந்து நிற்பதால், இருக்கிற ஈரத்தை அது முதலில் குடித்துவிடும். கன்று கீழே வேர் விட்டுப் போகுமட்டும்தான் இந்தக் கண்டம். போய்விட்டால் பிறகு புல் அதை ஒன்றும் செய்யாது.

“அதுமட்டும் கன்று என்ன பிள்ளை செய்யும்?”

“பொறுத்துக்கொண்டு நிக்கும் ஐயா. இலையைச் சின்னனாக்கும். பிறகு கொட்டும்.”

“கேக்காதென்ன.”

“என்னத்தை ஐயா?”

“தண்ணி.”

கீர்த்திகா படத்தை நிறுத்திவிட்டாள். வகுப்பு அத்தோடு முடிந்தது. போகும்போது, கன்றைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கோ ஐயா, விலகிக்கொள்ள ஒரு வழி இருக்கு என்று மெல்லிய குரலில் சொன்னாள்.

வழி இருந்தது. கன்றை மீளப் பெறுவதற்கான விண்ணப்பத்தில், ஒப்படைத்தவரே கையெழுத்து வைக்க வேண்டும். ஒப்படைத்தவர் சிவகௌரி. அவர் எழுதிக் கொடுத்த பெயர்தான். ஒப்படைத்தவர் நேரில் வர இயலாதவிடத்துக் காரணம் தெரிவிக்க வேண்டும் என்றிருந்தது; பரமலிங்கம் மரணச் சான்றிதழின் பிரதியை வைத்தார். நிலையம் அதைப் பார்த்துவிட்டு ஒரு சந்தேகம் கிளப்பியது. கன்று ஒப்படைக்கப்பட்ட திகதிக்கு முன்னரே ஒப்படைத்தவர் இறந்திருக்கிறார். அப்படியானால் இந்தக் கன்று ஒப்படைக்கப்படவே இல்லை. ஒப்படைக்கப்படாத கன்றைத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடில்லை. ஆனால் நடப்பட்ட கன்று ஆய்வில் இருந்தாக வேண்டும். பணிப்பாளர் மிக வருத்தப்பட்டார். அவருடைய வருத்தம் உண்மையானதுதான். அன்று அவர் இரண்டாவது தேநீரும் வரவழைத்தார்.

சித்திரை பிறந்து சில நாளில், வெயிலின் நடுவே திடீரென்று வானம் இருண்டது. கொக்குவிலில் முதல் துளி கல்லில் விழுந்து மணத்தபோது பரமலிங்கம் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தார். மழைக்கு விதி இல்லையே என்றுதான் நினைத்தார். நாச்சிமார் கோயிலடியில் நனைந்தார், நகரத்துக்குள் தெப்பமானார். உடம்பில் ஊறுகிற ஒவ்வொரு துளியும் அங்கேயும் விழுமென்று நினைத்து நினைத்துச் சந்தோசமாக மிதித்தார்.

வந்து பார்த்தபோது நிலையத்தின் உத்தியோகத்தர்கள் எல்லோரும் வெளியில் நின்றார்கள். சிவப்புத் துண்டுகளின் மேல் தறப்பாள் விரித்து, மூலைக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிடிக்க ஆள் காணாமல் கௌரியின் கன்றுக்கு நேரே பணிப்பாளரே ஒரு பெரிய குடையோடு நின்றார். அவர் தலையில் மழை ஊற்றிக்கொண்டிருந்தது. குடை கன்றுக்கு.

“பாருங்கோ ஐயா,” என்றார் அவர், முகத்தைத் துடைக்கக் கை இல்லாமல். “நாங்கள் கன்றுகளைக் கைவிட்டிட்டமெண்டு ஒருதரும் சொல்லக்கூடாது.”

பரமலிங்கம் அந்தக் கன்றைப் போல நனையாமல் இருந்த எதையும் அன்று யாழ்ப்பாணத்தில் வேறெங்கும் காணவில்லை.

ஆடியில் இலைகள் கொட்டத் தொடங்கின. ஆவணியில் முதலாண்டு ஆட்டைத் திவசம் வந்தபோது நுனியில் இரண்டு இலைதான் இருந்தன. கீரிமலைக் கடற்கரையில் ஐயரை வைத்துச் செய்ய வேண்டியதெல்லாம் செய்தார். ஆனால் எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது கடலைப் பார்க்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. கடலுக்கு என்ன தண்ணீர்க் குறை. அவள் தன் கடைசி மிடற்றை யாருக்கு விட்டாளோ அங்கே ஒரு கை எள்ளுத் தண்ணீர் விட்டால்தான் அது அவளுக்குப் போய்ச் சேரும் என்று தோன்றியது. நிலையத்துக்கு எழுதிக் கேட்டார்.

இந்தக் கோரிக்கை நிலையத்தின் வரலாற்றில் புதியது. அதற்கென்று ஒரு கொமிற்றி அமைத்தார்கள். இறந்தவருக்கு இறைக்கும் தண்ணீர் இறந்தவரையே சேர்கிறது, ஆகவே மண்ணின் ஈரத்தில் அதற்குப் பங்கில்லை என்று ஒரு உறுப்பினர் வாதாடினார். அப்படியானால் நிலம் ஏன் நனைகிறதென்று மற்றவர் கேட்டார். எள் ஒரு விதை என்பதையும், அது முளைத்தால் அனுமதிக்கப்படாத களையாகிவிடும் என்பதையும் மூன்றாமவர் சுட்டிக்காட்டினார். நீண்ட நேரம் பேசி, எல்லோருடைய மனமும் நோகாத ஒரு முடிவுக்கு வந்தார்கள். சமயக் கிரியைக்குத் தடையில்லை. எள் வறுத்ததாக இருக்க வேண்டும். தண்ணீர் கன்றின் முன்னால் வைக்கப்படும் பிளாஸ்ரிக் பேசினுக்குள் இறைக்கப்பட வேண்டும். இறைக்க முன்னும் பின்னும் அளக்கப்படும். இடையில் குறைவு ஏற்படின், மறைந்தவரைச் சென்றடைந்த அந்த அளவு, ஆவியாதல் என்ற தலைப்பின் கீழ்ப் பதியப்படும்.

முடிவு கிடைத்த அன்று பின்னேரம் பரமலிங்கம் வேட்டி சால்வையோடு, ஒரு செம்புத் தண்ணீரும் வறுத்த எள்ளும் கொண்டு வந்தார். கீர்த்திகா செம்பை வாங்கி அளந்து திருப்பிக் கொடுத்தாள். பிறகு பேசினைத் தூக்கிக் கன்றின் முன்னால் பிடித்துக்கொண்டு குந்தினாள். பணிப்பாளரும் கொமிற்றியும் செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக நின்றார்கள்.

அவர் உள்ளங்கையில் எள்ளை வைத்துத் தண்ணீரை வார்த்தார். கன்று ஒரு சாண் தூரத்தில் நின்றது. கை கொஞ்சம் நடுங்கினால் போதும். வயதுபோன ஆளின் கை நடுங்கினால் யார் கேட்கப் போகிறார்கள். கீர்த்திகா அவரை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். பேசினைத் தன் பக்கம் சற்றே இழுத்தாள். கன்றுக்கும் பேசினுக்கும் நடுவில் காய்ந்த மண் ஒரு கையளவு தெரிந்தது.

அவருக்கு விளங்கியது. ஆனால் கைக்கு விளங்கவில்லை. முப்பது வருடம் கோட்டில் நின்று பழகின கை. அது தானாகவே பேசினைத் தேடிப் போய், ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல் இறைத்து முடித்தது.

கீர்த்திகா பேசினைக் கொண்டுபோய் அளந்தாள். மீண்டும் ஒருதரம் அளந்தாள்.

“குறைவில்லை சேர்.”

“ஆவியாதல்?”

“பூச்சியம்.”

பணிப்பாளர் பரமலிங்கத்தின் தோளில் கை வைத்தார். “இந்த ஐயாட்டை எங்கடை உத்தியோகத்தர்கள் பழக வேணும். ஒரு சொட்டுச் சிந்தேல்லை.”

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. பூச்சியம் என்ற சொல்லே காதுக்குள் நின்றது. அரை லீற்றர் விதியை அவர் ஒருநாளும் மீறவில்லை. மீறாமல் பார்த்தும் அவள் போய்விட்டாள். இப்போதும் மீறவில்லை; ஒரு சொட்டும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. இருளில் எழுந்து போத்தலை எடுத்தார், அது போதாதென்று வைத்தார். சருவக்குடத்தை எடுத்தார். விடிந்ததும் குடத்தில் தண்ணீர் நிரப்பிச் சைக்கிள் கரியரில் கயிற்றால் கட்டினார். யார் தடுத்தாலும், பொலிசைக் கூப்பிட்டாலும், இன்றைக்கு ஊற்றுவதென்று முடிவு செய்துவிட்டார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு விதியை மீறப் போகிற மனிதர், கொக்குவிலிலிருந்து அரியாலை வரைக்கும் பொலிஸ்காரர் யாரையும் நிமிர்ந்து பாராமல் போனார்.

வாசலில் கிறிஸ்ரோபர் தடுக்கவில்லை. எழுந்து நின்றார்.

“நேற்றோடை ஆய்வு முடிஞ்சுது அண்ணை. எல்லாத்தையும் இரவே பிடுங்கிக்கொண்டு போட்டினம். சூட்டடுப்பிலை போட்டுக் காயவைச்சு நிறை பார்க்க வேணுமாம்.”

உள்ளே பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு எல்லாக் குச்சிகளும் அப்படியே நின்றன. ஒவ்வொரு குச்சியின் பக்கத்திலும் ஒரு குழி. தகரத்தின் அந்தப் பக்கம் கோரை பூத்திருந்தது. இந்தப் பக்கத்துக் குழி சின்னதாக, ஒரு பால்மா ரின் வைக்கிற அளவில் இருந்தது. கொட்டகையில் முடிவு விழாவுக்குப் பதாகை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கிறிஸ்ரோபர் குடத்தை இறக்கிக் கொடுத்தார். குழாயில் மாட்டிய நீளமான றப்பர் பைப்பையும் இழுத்துக்கொண்டு வந்து அவருடைய காலடியில் போட்டார்.

“இனிக் கணக்கில்லை அண்ணை. எவ்வளவும் ஊத்தலாம்.”

பரமலிங்கம் குழியடியில் குந்தினார். குடத்தைச் சரித்தார். மண் சத்தமில்லாமல் இழுத்தது. இன்னும் சரித்தார். குழி நிறைந்து, வழிந்து, காலை நனைத்துக்கொண்டு கோரைக்குள் ஓடியது. அவர் நிறுத்தவில்லை.

“குடியும் கௌரி,” என்றார். “குடியும்.”